முகாமில் ஊசி யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: தொற்று பரவும் காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டைத் தடுப்பூசி முகாமுக்குக் கேட்கிறார்கள். ஊரில் ஓய்வுபெற்ற நர்ஸ், பல் டாக்டர், முப்பது வருட அனுபவமுள்ள கம்பவுண்டர் இருக்கிறார்கள். இவர்கள் போடலாமா, டாக்டர்தான் போட வேண்டுமா?

பதில்: நர்ஸ் போடட்டும். ஒரே ஒரு டாக்டர்தான் கிடைக்கிறார் என்றால் அவரை ஊசி மேசையில் உட்கார வைக்காதீர்கள். ஊசி போட்டபின் யாருக்காவது மூச்சு இரைத்தால் உடனே எழுந்து ஓட அவர் கை காலியாக இருக்க வேண்டும்.

2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது மத்திய அரசின் வழிகாட்டுதலே இதைத் தெளிவாகச் சொன்னது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ், ஃபார்மசிஸ்ட், துணை செவிலியர் என, ஊசி போட அனுமதி உள்ள யாரையும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். ஆகவே பல் டாக்டரும் போடலாம். ஓய்வுபெற்ற நர்ஸ், செவிலியர் கவுன்சிலில் தன் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். கம்பவுண்டர் ஃபார்மசிஸ்டாகப் பதிவு செய்தவர் இல்லையென்றால் அனுபவம் எத்தனை வருடமானாலும் ஊசியைத் தொட வேண்டாம்; பதிவேடு எழுதவும் வரிசை பார்க்கவும் அவரைப் போல ஆள் கிடைக்காது. யார் போட்டாலும் முகாமுக்கு முன்பே வட்டார மருத்துவ அலுவலரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அனுமதி உள்ளவர்களுக்குள் பட்டத்தைவிடப் பழக்கம்தான் முக்கியம். அதற்குக் காரணம் இருக்கிறது. அரசு முகாமில் வருவது ஒருமுறை மட்டுமே வேலை செய்யும் 0.5 மில்லி சிரிஞ்சு. தனியார் மருத்துவமனையில் பழகியவர் வழக்கம்போல முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளுவார். அந்தத் தள்ளலிலேயே சிரிஞ்சு பூட்டிக்கொள்ளும், மருந்து ஏற்ற முடியாது. கிராம சுகாதார செவிலியருக்கு இது கைவந்த வேலை. புதியவர்கள் முதல் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இன்னொரு தவறு தோளில் நடக்கும். வயதான ஆச்சிகள் இறுக்கமான ரவிக்கை போட்டிருப்பார்கள். கழுத்துப் பக்கமாகத் துணியை இறக்கினால் ஊசி மிக மேலே, மூட்டை ஒட்டி இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாத வலி. கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்லி, தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, நேர் செங்குத்தாகப் போட வேண்டும். போடுபவரும் உட்கார்ந்துகொண்டே போடுவது நல்லது. நின்றபடி போட்டால் கை தானாக மேலே போகும். மறைவு வேண்டுமே என்பதால் ஊசிக்கு வளவை (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியை) ஒட்டிய அறையைக் கொடுங்கள்.

பதிவு முகப்புத் திண்ணையில் இருக்கட்டும். ஊசி போட்டபின் 30 நிமிடம் உட்கார்ந்து பார்க்கும் இடம், வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டு. உங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிவதால் வருபவரும் போகிறவரும் முட்டிக்கொள்ள மாட்டார்கள். டாக்டர் இரண்டாம் கட்டில்தான் இருக்க வேண்டும். 108 வண்டியைப் பின்தெருவில் நிறுத்தச் சொல்லுங்கள், உயரமான நிலைப்படிகளைத் தாண்டி ஸ்ட்ரெச்சரை முன்வாசலுக்குத் தூக்க முடியாது.

கடும் ஒவ்வாமை சில நிமிடங்களில் முற்றிவிடும். காரைக்குடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, வேகமாகவும் மெலிந்தும் ஓடும் நாடி தெரிந்தால் பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே. பயிற்சி பெற்ற செவிலியரே முதல் டோஸைப் போடலாம். வெறும் மயக்கத்தில் நாடி மெதுவாக ஓடும், முகம் வெளுக்கும், படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாதவரைக் கண்காணிப்பில் உட்கார வைக்காதீர்கள்.

குப்பிகள் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். நடுமுற்றத்து வெயில் படும் இடத்தில் தடுப்பூசிப் பெட்டியை வைக்காதீர்கள். பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் பேக்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். கல்லாக உறைந்திருந்தால் மருந்தும் உறைந்து கெட்டுப்போகும். குப்பியைத் திறந்ததும் நேரத்தை அதன் மேலேயே எழுதுங்கள். கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு போடப்பட்ட காலத்தில், 4 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதைப் போல 10 டோஸ் குப்பி என்றால், சாயங்காலம் கடைசிக் குப்பியைத் திறக்குமுன் திண்ணையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடுங்கள்.