ஜிம்முக்குப் போகாம, தினசரி பழக்கத்தை மாத்தினாலே எடை குறையுமா?

குறையும்ங்க, ஆனா மெதுவாத்தான். முதல்ல டீயைப் பாருங்க, ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சாலும் 32 கிராம், கிட்டத்தட்ட 130 கலோரி, கூட கடிச்சுக்கிற வடையை நான் கணக்குல சேர்க்கவே இல்ல. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமாவே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது. அதனால வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைங்க, நாக்கு பழகிடும்.

அப்புறம் தட்டு. சோத்தைக் குவிச்சுட்டு ஓரமா பொரியல் வைக்காம, முதல்ல பாதித் தட்டுக்குக் கீரையோ அவரைக்காயோ வச்சுட்டு மீதி இடத்துல சோறு போடுங்க. சாப்பிட்டதும் மொட்டைமாடியில 15 நிமிஷம் நடந்தா ரத்தத்துல சர்க்கரை ஏறுறதும் குறையும். தூக்கத்தை விட்டுடாதீங்க, தூக்கம் கெட்டா பசி கூடும். சுகர் மாத்திரை போடுறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு சாப்பாட்டைக் குறைங்க.