விளையாட்டறைச் சுவருக்குச் சிக்கனமான படங்கள்: கேள்வி பதில்

திருத்தணி, நகரி, சித்தூர், குப்பம் வட்டாரத்துப் பெற்றோர் குழந்தைகளின் விளையாட்டறைச் சுவரைப் பற்றி அனுப்பியிருந்த கேள்விகளுக்கு, ஓவிய ஆசிரியை என்ற முறையில் என் பதில்களைத் தருகிறேன்.

கேள்வி (திருத்தணி): டீச்சர், என் மகனுக்கு மூன்று வயது ஆகிறது. கடையில் விற்கும் பெரிய சட்டமிட்ட படங்களை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உயரத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று வயதுக் குழந்தை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதன் கண்மட்டம் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் அளவில்தான் வரும். நாமோ படங்களை நம் கண்ணுக்கு நேராக, ஐந்தடி உயரத்தில் மாட்டிவிட்டு, குழந்தை அதைப் பார்ப்பதே இல்லை என்று வருந்துகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகாதவாறு இறக்கி மாட்டினால், குழந்தை அருகில் வந்து நின்று பார்க்கும். அப்படி அருகிலிருந்து பார்க்கும் படம் பெரிதாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதால் செலவும் தானாகக் குறைந்துவிடுகிறது. அஞ்சலட்டை அளவுள்ள நான்கு படங்கள் போதும்.

தாள் வாங்குவதற்காக வெளியே போக வேண்டாம். சென்ற ஆண்டின் மாதக் காலண்டரின் பின்பக்கம் கெட்டியான வெள்ளைத் தாள்தான்; அதன் மேல்விளிம்பில் உள்ள தகரப் பட்டையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், அது கையைக் கிழித்துவிடும். கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டை படத்துக்குப் பின்தாங்கலாக உதவும். கை எட்டும் உயரம் என்பதால் கண்ணாடிச் சட்டமும் குண்டூசியும் கூடாது. கண்ணாடிக்குப் பதிலாக, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டினால் போதுமானது.

கேள்வி (நகரி): எங்கள் ஊரில் தறித் துணிக்குப் பஞ்சமில்லை. காளஹஸ்தி கலம்காரித் துணி ஓவியம் போல ஏதாவது ஒன்றை வீட்டிலேயே செய்து, மகளின் அறையில் தொங்கவிட முடியுமா? அவளுக்கு ஏழு வயது.

பதில்: முடியும், இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். காளஹஸ்திக் கைவினைஞர்கள் மூங்கில் கலத்தால், அதாவது எழுதுகோலால், துணிமீது கையாலேயே வரைகிறார்கள். மசூலிப்பட்டினம் பக்கத்துக் கலம்காரியில் பெரும்பாலும் மரஅச்சு பயன்படுகிறது. நமக்கு வேண்டியது முதல் வகை. அவர்களுடைய முழு முறையில் பல முறை சாயமேற்றுவதும் அலசுவதும் உண்டு; வீட்டுக்குக் கறுப்புக் கோடு மட்டும் போதும்.

கஞ்சி போகத் துவைத்த, சாயமேற்றாத பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப்பாலில் நனைத்துப் பிழிந்து, வெயிலில் உலர்த்துங்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் கறுப்பு நிறம் பிடிக்க வழிசெய்கிறது. பாலின் கொழுப்பு மை துணியில் பரவிக் கசியாமல் தடுக்கிறது. பசும்பாலில் கொழுப்பு குறைவு என்பதால் கோடு சற்றுப் பரவும். மைக்கு, துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் ஊறவிட வேண்டும். புளிக்கும்போது வாயு வெளியேறும் என்பதால் மூடியை இறுக்கவே கூடாது. பாத்திரம் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். வடிகட்டிய நீர் பார்ப்பதற்கு வெளிறித்தான் இருக்கும், ஆனால் கடுக்காய்த் துணியில் பட்டதும் கோடு கறுத்துக்கொண்டே வரும். அதைக் கண்ணெதிரே பார்க்கும் குழந்தைக்கு அந்தத் துணியின் மேல் வரும் பற்று கடையில் வாங்கிய எந்தப் படத்தின் மேலும் வராது.

கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளித் துணியையோ பஞ்சையோ சுற்றி நூலால் கட்டினால் அதுவே கலம். மையில் தோய்த்து, சுற்றிய இடத்தை விரலால் லேசாக அழுத்தினால் மை இறங்கும். மகள் மீன், மரம், யானை என்று எதை வேண்டுமானாலும் வரையட்டும். நீங்கள் கோட்டைத் திருத்த வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள், பழைய உடை போட்டுவிடுங்கள், ஏனெனில் இந்தக் கறை போகாது. ஒரு நாள் காய்ந்தபின் நிறைய நீரில் அலசினால் பால் வாடையும் எஞ்சிய மையும் நீங்கும். வண்ணம் வேண்டுமென்று மஞ்சள் தூளைப் பூசினால் வெயில் படும் சுவரில் விரைவில் வெளுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். துணியின் மேல்விளிம்பை மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் சட்டமே தேவையில்லை.

கேள்வி (சித்தூர்): வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். டேப் ஒட்டினால் பெயிண்ட் உரிகிறது.

பதில்: ஸ்டீல் பீரோவின் பக்கவாட்டைப் பாருங்கள். அது முழுவதும் காந்தம் ஒட்டும் பரப்பு. பின்புறம் காந்தத் தாள் ஒட்டிய படங்களைக் குழந்தையே இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். குண்டுமணி போன்ற சிறு காந்தங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும் ஆபத்து உண்டு. ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் இடையே கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் படங்களைத் தொங்கவிடுவதும் நல்ல வழிதான். ஆனால் தொய்ந்த கயிறு சிறு குழந்தையின் கழுத்தில் மாட்டக்கூடும் என்பதால், அதை விறைப்பாகக் கட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி (குப்பம்): பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் படிக்கிறார்கள். இரண்டு எழுத்துகளையும் சுவரில் வைத்தால் குழம்பிவிடுவார்களா?

பதில்: குழம்ப மாட்டார்கள். நம் எல்லைப்புறத்துக் குழந்தைகள் ஒரே தெருவில் இரண்டு மொழிகளையும் கேட்டு வளர்கிறவர்கள். சுவரும் அப்படியே இருக்கலாம். எனக்கு உடன்பாடில்லாதது, எல்லா எழுத்துகளையும் முப்பது நாற்பது பொடிப் படங்களோடு ஒரே தாளில் அடைத்து விற்கும் சார்ட்டுகள். அதில் குழந்தையின் கண் எங்கும் நிலைப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு தாளில் ஒரு படம் போதும். மயில் வரைந்து, கீழே தமிழ் எழுத்தில் மயில் என்றும் தெலுங்கு எழுத்தில் நெமலி என்றும் எழுதுங்கள். இரண்டும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் எழுதினால், சிறிதாக எழுதியது மதிப்புக் குறைந்த மொழி என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். தமிழைப் பாட்டியும் தெலுங்கைப் பக்கத்து வீட்டு அத்தையும் எழுதித் தந்தால் இன்னும் சிறப்பு.

கேள்வி (ஊத்துக்கோட்டை): ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் காத்து, ஒட்டிய படமெல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்கிறார்கள்.

பதில்: குழந்தை இருக்கும் அறையில் மயில்துத்தம் கூடவே கூடாது, அது நஞ்சு. மைதாப் பசையும் வேண்டாம், அது கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் வரவழைக்கும். படத்தைச் சுவரோடு ஒட்டாமல் அட்டையில் ஒட்டி, அட்டையின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்புறமாகத் தக்கைத் துண்டு வைத்து மாட்டினால், இடையில் காற்று புகுந்து ஈரம் தங்காது. மழை அடிக்கும் வெளிச்சுவரை விட்டுவிட்டு, உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (புத்தூர்): வரையத் தெரியாத நான் ஒரு சிறு படத்தை எப்படிப் பெரிதாக்குவது?

பதில்: பழைய பேனர் ஓவியர்களின் கட்ட முறையைப் பின்பற்றுங்கள். கடையில் கிடைக்கும் சார்ட் தாள் 22க்கு 28 அங்குலம். உங்கள் படத்தை ஐந்தரைக்கு ஏழு அங்குலமாக வெட்டிக்கொண்டால் சரியாக நான்கு மடங்கு. படத்தில் அரை அங்குலக் கட்டங்களும் சார்ட்டில் இரண்டு அங்குலக் கட்டங்களும் பென்சிலால் லேசாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்து வரைந்துகொண்டே போங்கள். முழுப் படத்தையும் பார்க்க வேண்டாம். கட்டம் கட்டமாகப் போனால் வரையத் தெரியாது என்ற அச்சத்துக்கு இடமே இல்லை.

கேள்வி (பள்ளிப்பட்டு): சுவரிலேயே நேரடியாக வண்ணம் தீட்டலாமா? மகள் கிறுக்கிய தாள்களும் மூட்டையாகக் கிடக்கின்றன.

பதில்: தீட்டலாம், ஆனால் டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பரணில் கிடக்கும் அதற்கு முந்தைய எனாமல் டப்பாவை எடுத்துப் பூச வேண்டாம். பழைய பெயிண்டை உலர்ந்தபடியே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம்.

ஆனால் உங்களிடம் மூட்டையாகத் தாள்கள் இருக்கும்போது சுவரில் ஏன் தீட்ட வேண்டும்? அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, அவற்றை எதிரெதிராக வைத்தால் வேண்டிய அளவுக்குச் சுருக்கவும் விரிக்கவும் ஏற்ற சாளரம் கிடைக்கும். அதை மகளின் கிறுக்கல்மீது நகர்த்திப் பாருங்கள். பெரிய தாளின் ஏதோ ஒரு மூலையில் கோடுகளும் நிறங்களும் அழகாகக் கூடிய இடம் ஒன்று அகப்படும். அவளைக் கேட்டு, அவள் சம்மதித்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி, சுற்றிலும் இரண்டு அங்குலம் வெற்றிடம் விட்டுக் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். வெட்டச் சம்மதிக்காவிட்டால் முழுத்தாளையும் அப்படியே மாட்டுங்கள். மறக்காமல் பின்புறத்தில் தேதியை எழுதிவிடுங்கள்.