அந்தப் பச்சைக் கிளை – கடிதம்

வணக்கம். நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய வருடம் வாசலில் ஒரு ஜப்பானிய மேப்பிள் நட்டேன். ‘கிரிம்ஸன் குயின்’ என்று அட்டையில் எழுதியிருந்தது, சிவப்பு இலை ரகம். மூன்று வருடத்தில் ஒரு அடிகூட வளரவில்லை. ஜூலை வந்தால் இலை நுனியெல்லாம் கருகிவிடுகிறது. இந்த வருடம்தான் அடியிலிருந்து ஒரு கிளை பச்சையாக, நேராக, இரண்டடிக்குக் கிளம்பியிருக்கிறது. அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதி. புல்தரைக்குப் போடும் உரத்தை இதற்கும் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடலாமா? விதையைத் திருச்சியில் அம்மாவுக்கு அனுப்பினால் வளருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்களுக்கு நிம்மதி தந்த அந்தப் பச்சைக் கிளையை முதலில் எடுத்துவிடுங்கள். அது நீங்கள் வாங்கிய மரமே இல்லை. இந்த ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள், கீழே இருப்பது சாதாரணப் பச்சை மேப்பிளின் வேர். ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் ஊரில் உடனே கிள்ளிப் போடுவார்களே, அதே சங்கதிதான். தண்டைத் தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் முட்டி போலப் புடைத்திருக்கும், அதுதான் ஒட்டு. இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே உள்ளது காம்பு வரை கிழிந்து, கிழிந்த ஒவ்வொரு இழையும் ஓரத்தில் மறுபடி பல் பல்லாக வெட்டுப்பட்டு, கையில் வைத்தால் எடையே தெரியாது. கீழிருந்து வந்தது விரல் விரித்த கை மாதிரி இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க் இந்த மரத்துக்கு ‘பால்மேட்டம்’ என்று பெயர் வைத்தது அந்த உள்ளங்கையை நினைத்துத்தான். ஜப்பானியர்களுக்கு அது தவளையின் கை; ‘கயெருதே’தான் தேய்ந்து ‘கயேதே’ ஆனது.

என் முதல் மரம் இப்படித்தான் போனது. பச்சைக் கிளை வந்ததும் நானும் சந்தோஷப்பட்டு விட்டுவிட்டேன். வேர் கொடுத்ததையெல்லாம் அதுவே வாங்கிக்கொண்டது. நாலாவது வருடம் வாசலில் ஆளுயரப் பச்சை மரம் நின்றது, அதற்குள்ளே ஒரு முழ நீளத்துக்குச் சிவப்புக் கிளை காய்ந்து கிடந்தது. அதை ஒடித்து எடுத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

உரம் வேண்டாம். தழைச்சத்து ஏறினால் கிளை நீளமாக, வலுவில்லாமல் ஓடும், முதல் பனியிலேயே கருகும். புல்தரை உரம் பலவற்றில் களைக்கொல்லியும் கலந்திருக்கும், மேப்பிளுக்கு அது விஷம். இந்த ரகம் பத்து வருடத்தில் நாலடி வந்தாலே நல்ல வளர்ச்சி. உங்கள் மரம் பின்தங்கவில்லை, அதன் வேகமே அதுதான்.

நுனி கருகுவது வெயிலாலும் தண்ணீர் போதாததாலும். வேர் மேலாகவே படர்வதால் மேல்மண் காய்ந்தால் உடனே தவிக்கும். காலை வெயில் நல்லது, மதிய வெயில்தான் ஆகாது. மரப்பட்டைத் தூளை மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாக நனைப்பது மேல். ஒரு முழுக்கிளை திடீரென்று வாடி, வெட்டிப் பார்த்தால் உள்ளே கருங்கோடு தெரிந்தால்தான் பயப்பட வேண்டும், அது மண்ணிலிருந்து வரும் பூஞ்சை நோய். நீங்கள் சொல்வது அதுவல்ல.

திருச்சிக்கு அனுப்பாதீர்கள். இதன் விதை மூன்று மாதமாவது குளிரில் கிடந்தால்தான் முளைக்கும், மரத்துக்கும் வருடாவருடம் குளிர்காலத் தூக்கம் வேண்டும். அது இல்லாத ஊரில் வளர்க்க நினைப்பது மரத்துக்குச் செய்யும் கொடுமை. அப்புறம், ஒட்டு ரகத்தின் விதையில் தாய் மாதிரியே கன்று வரும் என்ற உறுதியும் இல்லை. அம்மாவை ஒரு ஏப்ரலில் இங்கே வரச் சொல்லுங்கள். மொட்டு வெடித்து இலை வரும் அந்த ஒரு வாரம், மடக்கிய குடை மாதிரி தொங்கிக்கொண்டு, மேலே வெள்ளை ரோமத்தோடு, சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. அந்த வாரம் இரவில் உறைபனி என்றால் மட்டும் பழைய போர்வையைப் போர்த்திவிடுங்கள்.

கிளையை இந்த வாரமே, தண்டோடு ஒட்ட, சுத்தமான கத்தியால் எடுங்கள். ஒட்டு எங்கே என்று பிடிபடாவிட்டால் தண்டைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.