4294967297 பகா எண்ணா? 641-ஐப் போட்டுப் பாருங்கள்

அக்கா, மகனுக்குத் துணைப்பாட வகுப்பில் கொடுத்த 4294967297-ஐ 300 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துவிட்டான், எதுவும் சரியாக வகுபடவில்லை, இது பகா எண்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பையன் பாதி வழியில் நின்றுவிட்டான், அவ்வளவுதான்.

இது 2-இன் 32-ஆவது அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று கணித மேதை ஃபெர்மாவே நம்பினார், 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர்தான் இதை உடைத்தார்: 641 × 6700417. ஏதோ அடுக்குமாடி புளோக் நம்பர் மாதிரி இருக்கிற 641 எப்படிக் கிடைத்தது என்றால், இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்களை மட்டும் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்!

கால்குலேட்டர் இல்லாமலும் சரிபார்க்கலாம். 641 = 5 × 128 + 1, அதனால் 641-ஆல் வகுக்கும்போது 5 × 128-ஐ −1 என்றே வைத்துக்கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × (2-இன் 28-ஆவது அடுக்கு) என்பது 1-க்குச் சமம். அப்புறம் 641 = 625 + 16 என்பதால் 625-க்குப் பதில் −16 போடுங்கள், 16 என்பது 2-இன் 4-ஆவது அடுக்கு, அதனால் 2-இன் 32-ஆவது அடுக்கு −1 ஆகிவிடும், 1 கூட்டினால் மீதி பூஜ்யம். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

6700417 பகா எண்தான், அதை உடைக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். உயர்நிலை ஒன்று மாணவனுக்கு இந்த 64 விதியின் நிரூபணம் கொஞ்சம் அதிகம், விதியை மட்டும் கொடுத்துத் தேடவிட்டால் போதும்.