அந்தப் பாட்டியை எழுப்பி அனுப்பியது யார், டீச்சர்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். அரசு உதவிபெறும் பள்ளி. போன வருஷம் 64 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்து 11 பேர் போகிறார்கள், டி.சி. கேட்டிருப்பவர்கள் 6 பேர், புதுச் சேர்க்கை இதுவரை 10. ஜூனில் பள்ளி திறக்கும் அன்று குடும்பங்களை விமரிசையாக வரவேற்கத் திட்டமிட்டிருக்கிறோம். வளைவு, வாழைமரம், செண்டை மேளம் (8,000 ரூபாய் கேட்கிறார்கள்), திருப்பலி, பிறகு தாளாளர் தலைமையில் கூட்டம். பள்ளியின் தோற்றத்துக்காகவும் நிறையச் செய்திருக்கிறோம். காம்பவுண்டுக்கு வெள்ளை அடித்தோம். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டி தினமும் கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் மூன்றரை மணி வரை உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருப்பார், பையனும் ஜன்னல் வழியாக அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பான், ஜூலையில் அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டோம். குப்பைத்தொட்டிகள் வைத்தோம். தாத்தா பாட்டி தினம்கூடக் கேக் வெட்டிக் கொண்டாடினோம். இன்னும் என்ன செய்தால் குடும்பங்கள் நம்மைத் தேடி வருவார்கள், அக்கா?

பதில்: டீச்சர், உங்கள் கடிதம் நாலு பக்கம். நான் மேலே சுருக்கிப் போட்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பாட்டியை அனுப்பிய வரிகளை மட்டும் ஒரு சொல்கூட வெட்டவில்லை. காம்பவுண்டுக்கு வெள்ளை அடித்ததற்கும் குப்பைத்தொட்டி வைத்ததற்கும் நடுவில் அவரை வைத்திருக்கிறீர்கள். நீங்களே எழுதியதை நீங்களே ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

மே மாதம் ஆனால் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஆகஸ்ட் 1. அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளை வரை ரெண்டு ஆசிரியர், 61 ஆனால் மூணு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 57-ல் நிற்கிறீர்கள். மூணு பேரில் ஒருவர் உபரி. அந்த ஒருவர் யார் என்று ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லாரும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள், மதியச் சாப்பாடுகூட முன்னே மாதிரி பகிர்ந்து சாப்பிட மாட்டீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே எழுதாமல் "குடும்பங்களை வரவேற்பது எப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

பிள்ளைகள் போவது வேனுக்காகவும் இங்கிலீஷ் மீடியத்துக்காகவும்தான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. வாசலுக்கு மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடித்தால் அந்தத் தெருவுக்கே ஒரு கௌரவம், அதை உங்களால் இந்த ஜூனில் ஜெயிக்க முடியாது, விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் என்ன இல்லை? புத்தகம் இலவசம், சீருடை இலவசம், மதியம் சத்துணவு, 2024 ஜூலை 15 முதல் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது. அதைத் தொடங்கி வைத்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், உங்களை மாதிரி ஒரு கத்தோலிக்க உதவிபெறும் தொடக்கப்பள்ளியில்தான். இத்தனையும் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கையில் இருந்து காசு கொடுத்து ஒரு குடும்பம் போகிறது என்றால் எல்லாப் பழியையும் வேன் தலையில் போட முடியாது. டி.சி. கேட்ட 6 பேரில் அந்தப் பையனும் ஒருவன் என்று மூணாம் பக்கத்தில் இருக்கிறது, பாட்டி வருவது நாலாம் பக்கத்தில். ரெண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இப்போது அந்த மரத்தடிக்கு வருவோம்.

உங்கள் பக்கத்தில் பீடி சுற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலங்குளம், முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு சுளகு இருக்கும். இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கி, ஒவ்வொன்றாக ஆயிரம் சேர்த்தால்தான் அன்றைக்குக் கூலி. கை நின்றால் காசு நின்றது. அப்படிப்பட்ட ஒரு கிழவி, வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சுற்றியிருக்கலாம், கூடப் பேச நாலு பொம்பளைகள் இருந்திருப்பார்கள், தண்ணீர் பக்கத்தில். அதை விட்டுவிட்டு இலை, தூள், கத்தரி, நூல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பேரனையும் பிடித்துக்கொண்டு வந்து ரோட்டோரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார் என்றால் ஏன் என்று ஒரு தடவை கேட்டீர்களா? நாலு பக்கத்தில் அந்தக் கேள்வியே இல்லை. பார்க்க நன்றாக இல்லை என்றுதான் இருக்கிறது.

பையனின் அப்பா இல்லை, அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் என்று வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இந்த மாதிரி வீடுகளில் தாய் கிளம்புவது பெரும்பாலும் ராத்திரி பஸ்ஸுக்குத்தான். பிள்ளை தூங்கின பிறகு, அழுதால் போக முடியாது என்று. காலையில் எழுந்தால் அம்மா இல்லை. அப்படி ஒரு தடவை ஏமாந்த பிள்ளை, கண்ணை எடுத்தால் ஆள் போய்விடும் என்றுதான் கற்றுக்கொண்டிருக்கும். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தது வேடிக்கை இல்லை டீச்சர். பாட்டி இருக்கிறாளா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தான். "பாடத்தில் கவனம் இல்லை" என்று நீங்கள் எழுதியது இதைத்தான். பாட்டிக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவன் பார்வை படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் டிரெயினிங்கில் கிடைக்காத ஒன்று அந்தக் கிழவிக்குத் தானாகவே வந்திருக்கிறது. அவரைத்தான் எழுப்பி அனுப்பினீர்கள். அப்புறம் ஒருநாள் அவன் தலையைத் திருப்பிப் பார்த்திருப்பான், மரத்தடி காலியாக இருந்திருக்கும். அன்றைக்கு அவன் எப்படி இருந்தான் என்றாவது யாராவது கவனித்தீர்களா?

நான் இந்தத் தாய்மார் விஷயத்தில் கொஞ்சம் பழைய ஆள். பிள்ளை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதை எழுதி வாசகிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அவளால் முடியவில்லை என்று ஆன பிறகு, அவள் இடத்தில் யார் வந்து உட்காருகிறார்களோ அவர்தான் அந்தப் பிள்ளைக்குக் குடும்பம். உங்கள் அழைப்பிதழ் மாதிரியைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்களே, அதில் "தாய் தந்தை இருவரும் தவறாது வருகை தர" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதை அந்தப் பையன் கையில் கொடுத்தால் அவன் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான்?

அப்புறம் அந்தக் கேக். உலகத் தாத்தா பாட்டிகள் தினத்தைப் போப் பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்தினார். ஜூலை மாதம் நாலாம் ஞாயிறு, ஏனென்றால் 26-ம் தேதி இயேசுவின் தாத்தா பாட்டியான சுவக்கின், அன்னம்மாள் திருநாள். நீங்களும் ஜூலையில்தான் கொண்டாடியிருக்கிறீர்கள். பாட்டியை அனுப்பியதும் ஜூலை. எது முதலில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, எது முதலில் என்றாலும் எனக்கு ஒன்றுதான். தேடி அழைத்து வந்து நாற்காலி போட்ட பாட்டிகளுக்குக் கேக், தானாக வந்த பாட்டிக்குக் கேட்டைக் காட்டினீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றால், என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மூணாம் வகுப்பில் ரேங்க் கார்டுக்குப் பெருவிரல் வைக்க வந்தாள், ஊதா மை. வைத்துவிட்டு விரலைத் துடைக்க இடம் தெரியாமல் வராந்தாத் தூணில் லேசாகத் தேய்த்தாள். "ஏம்மா, சுவரை நாசம் பண்றீங்க" என்று ஒரு டீச்சர் சொன்னார், கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை எடுத்து அந்தத் தூணைத் துடைத்தாள். மை இன்னும் பரவியது. அதற்குப் பிறகு நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறவரை அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைக்கவில்லை, பக்கத்து வீட்டு மாமாதான் வந்தார். அந்த டீச்சருக்கு அது மறுநாளே மறந்திருக்கும்.

நீங்கள் ஒரு சட்டத்தையும் துணைக்கு இழுத்திருந்தீர்கள், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் கூடாது என்று. அந்தச் சட்டம் விற்பதைத்தான் சொல்கிறது. அவர் என்ன கடையா போட்டார்? தூள் பிள்ளைகள் மேல் படக் கூடாது என்பது வேறு விஷயம், அது நியாயம், ஆனால் அதை அப்படியே சொல்லியிருந்தால் அவரே புரிந்துகொண்டிருப்பார். வருஷக்கணக்காக அந்தத் தூளில் இருமுகிறவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா? "இன்டர்வெல் விட்டதும் சுளகை மூடி வையுங்க ஆச்சி" என்று ஒரு வார்த்தை போதும்.

சரி, இனி என்ன செய்வது என்று கேட்டால் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால், இந்த வாரமே. நீங்கள் மட்டும். நோட்டீஸ், சேர்க்கைப் படிவம், போட்டோ எடுக்க ஒரு ஆசிரியை, இதெல்லாம் கூடாது. தாளாளர் சாமியும் வேண்டாம், சாமி வந்தால் அந்த அம்மாள் எழுந்து நிற்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். பீடிக் கடைக்குப் போகிற நேரம் எது என்று தெருவில் விசாரித்துவிட்டு அதைத் தவிர்த்துப் போங்கள். "நாங்க செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். "ஏதாவது மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்று இழுக்காதீர்கள், கஷ்டப்பட்டிருக்கிறது. டி.சி. பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். 58-வது ஆள் என்று மனசில் எண்ணிக்கொண்டு போவதாக இருந்தால் போகவே போகாதீர்கள், அந்த வயசில் இருக்கிறவர்களுக்கு அந்த வாசனை படியேறும்போதே தெரிந்துவிடும். அவன் திரும்பி வராமலும் போகலாம். அப்போதும் நீங்கள் போயிருக்க வேண்டியதுதான்.

திறக்கிற அன்றைக்கு வாழைமரம் இருக்கட்டும், அழகுதான். திருப்பலியும் இருக்கட்டும், ஆனால் உங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அதனால் அதையே வரவேற்பு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தைத்தான் வெட்ட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் 7 பேச்சு இருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1983-ல் வந்தது, அதில் 796-ம் விதியை எடுத்துத் தாளாளரிடம் காட்டுங்கள். ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும் என்று இருக்கும். காது கொடுக்க வேண்டியது நீங்கள். உங்கள் நிரலில் ஒண்ணே முக்கால் மணி நேரம் அவர்கள் காது கொடுக்கிறார்கள், பிறகு நாட்டுப்பண். சேர்க்கை மேஜையில் "அப்பா பேர் என்ன" என்று நாலு பேர் நடுவில் கேட்பதை நிறுத்துங்கள், "வீட்ல யார் பார்த்துக்கிறாங்க" என்று கேட்டு எழுதுங்கள், மீதியைத் தனியாகக் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஒன்றாம் வகுப்புக்கு முதல் வாரம் கேட்டைப் பூட்டாதீர்கள். யார் உட்கார வேண்டும் என்கிறார்களோ உட்காரட்டும். ரெண்டாம் வாரம் மதியம் மணி அடிக்கும் வரை, அடுத்த வாரம் காலை வழிபாடு முடியும் வரை என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகும்போது "போயிட்டு மூணரைக்கு வர்றேன்" என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள், கண்ணை மறைத்து நழுவக் கூடாது. அந்தப் பையன் வந்தால் இப்போது ரெண்டாம் வகுப்பு, ஆனாலும் அவனுக்கும் இதே கணக்குத்தான். உங்களுக்கும் பொறுமை வேண்டும், சில பிள்ளைகளுக்குத் தீபாவளி வரை ஆகும்.

செண்டை மேளத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தப் புளிய மரத்தைச் சுற்றி ஒரு திண்ணை கட்டினால் என்ன ஆகும் என்று விசாரியுங்கள், 8,000-க்கு முழுசாக வராவிட்டாலும் ஜன்னல் தெரிகிற பக்கமாவது வரும். உயரமாகக் கட்டிவிடப் போகிறார், சொல்லி வையுங்கள். ஆச்சிகள் காலை நீட்டி உட்கார்ந்து பழகினவர்கள்.