எக்கோஸ்போர்ட் ஃபேஸ்லிஃப்டில் அமெரிக்காவுக்கு ஒரு முதுகு, நமக்கு ஒரு முதுகு: எது சரி?

2017 நவம்பரில் வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் ஃபேஸ்லிஃப்டில் (அதே காரின் தோற்றத்தைப் புதுப்பித்த வடிவம்) நம்ம ஊர் வண்டிக்குப் பின்கதவில் ஸ்டெப்னி, அதாவது மாற்று டயர், தொங்குகிறது, அதே சென்னைத் தொழிற்சாலையில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டியில் அது இல்லை, ஏன் இப்படி, எது பார்க்க நன்றாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நெருக்கமான கேள்வி. 2018 மார்ச்சில் எடுத்த டீசல் எக்கோஸ்போர்ட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வீடும் செங்கல்பட்டில், அந்தச் சென்னைத் தொழிற்சாலை இருக்கும் மறைமலை நகரிலிருந்து கூப்பிடு தூரம்.

டயர் இல்லாத எக்கோஸ்போர்ட்டை நான் முதலில் பார்த்ததே எங்கள் பக்கத்து ஜிஎஸ்டி நெடுஞ்சாலை சிக்னலில்தான். முன்னால் நின்ற வண்டியின் முதுகு வழுவழு என்று இருந்தது, நம்பர் பிளேட் பம்பரில் இல்லாமல் கதவின் நடுவில் இருந்தது, ஸ்டீயரிங் இடப்பக்கம். ஏதோ சோதனைக்காக டயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் டீக்கடையில், ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் கேட்டபோதுதான், "அது அமெரிக்கா போற வண்டி சார், அதுக்கு முதுகே வேற" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போனதால் இந்தப் பதில் முழுக்க முதுகு என்றே எழுதுகிறேன்.

ஸ்டெப்னி எப்படி அங்கே வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்கோஸ்போர்ட் பிரேசிலில் பிறந்த வண்டி. 2003ல் வந்த முதல் தலைமுறையிலேயே பின்கதவில் டயர் இருந்தது. இரண்டாம் தலைமுறையை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், 2013 ஜூனில் இங்கே விற்பனைக்கு வந்தது. நமக்கு அந்த முதுகு புதுசும் இல்லை. பொலேரோ, சுமோ என்று பின்னால் டயரோடு போகிற வண்டியை ஜீப் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சிறிய காரின் விலையில் ஜீப் மாதிரி ஒரு வண்டி என்றுதான் பலர் அதை வாங்கினார்கள். ஐரோப்பாவிலோ அந்த டயரைப் பழைய பாணி என்று பார்த்தார்கள் போல, 2014ல் டயரோடு போனது, அடுத்த ஆண்டு புதுப்பித்தபோதே டயர் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவுக்கு 2018ல் போனபோது ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

இப்போது நீளம். இந்தக் கேள்வியின் மர்மமெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சின் என்றால் அது சிறிய கார், வரி குறைவு. 2006 பட்ஜெட்டில் வந்த இந்த வரையறை பல வண்டிகளின் முகத்தையும் முதுகையும் வெட்டியிருக்கிறது. நம்ம எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3998 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் தொங்குகிற ஸ்டெப்னி சேராது. பிரேசிலில் டயரையும் சேர்த்து அளந்து 4.2 மீட்டருக்கு மேல் சொல்வார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற ஃபேஸ்லிஃப்ட் டயர் இல்லாமலே 4096 மில்லிமீட்டர். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் கூடுதல், பெரும்பாலும் பம்பர்களில். (ஃபேஸ்லிஃப்டில் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எப்படியும் சிறிய கார் வரிக்குள் வராது, சலுகை டீசலுக்குத்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே உடம்பு.)

ஆக, நமக்குக் குட்டைப் பம்பரும் தொங்கும் டயரும், அவர்களுக்கு நீட்டிய பம்பரும் வெறும் கதவும். இதை மனதில் வைத்துக்கொண்டு அழகுக்கு வருவோம்.

எங்கள் வீட்டிலேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. அக்கா மகன் மிச்சிகனில் படிக்கும்போது பழைய எக்கோஸ்போர்ட் ஒன்றை வாங்கினான். வாங்கிய அன்றே படம் அனுப்பி, "மாமா, உங்க வண்டியோட தம்பி, ஆனா முதுகில மூட்டை இல்ல" என்றான். அவனுக்கு நம்ம வண்டி பழைய வாடகை ஜீப் மாதிரி தெரிகிறதாம். என் மனைவியும் அவன் பக்கம்தான். டயரின் உறையில் சேரும் சேற்றையும், டிக்கியைத் திறக்கும்போது கையில் இழுக்கும் கனத்தையும் சொல்லி, இது எதற்கு இங்கே என்று இன்றுவரை கேட்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கதவு மேலே எழும்பாது, பக்கவாட்டில் திறக்கும், கைப்பிடி வலப்பக்கப் பின்விளக்கோடு ஒட்டி மறைந்திருக்கும், கீல் இடப்பக்கம். பிரேசிலிலும் அமெரிக்காவிலும் சாலையின் வலப்பக்கம் ஓட்டி வலப்பக்கமே ஓரம் கட்டுவார்கள், அவர்களுக்கு இது வசதி. நாம் இடது ஓரம் கட்டினால் நடைபாதையில் நிற்பவருக்குக் கதவு குறுக்கே வந்துவிடும், பையை எடுத்துக்கொண்டு போக்குவரத்துப் பக்கம் சுற்றி வர வேண்டும். காய்கறிச் சந்தைக்கு வாரம் ஒருமுறை போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அழகு என்று கேட்டால் நான் டயர் பக்கம். காரணம் பழக்கம் மட்டுமில்லை. எக்கோஸ்போர்ட் உயரமான வண்டி, 1647 மில்லிமீட்டர், ஆனால் நீளம் 4 மீட்டருக்குள். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்பக்கத்துக்கு மூக்கு, பானெட் எல்லாம் இருக்கிறது, பின்பக்கம் மட்டும் பின்சக்கரம் முடிந்ததுமே பொசுக்கென்று முடிந்துவிடும். அந்த வெறுமையை நிரப்ப ஏதாவது வேண்டும். அமெரிக்க வண்டியில் நீட்டிய பம்பர் அந்த வேலையைச் செய்கிறது. நம்ம வண்டியில் டயர் செய்கிறது. மருமகன் அனுப்பிய படத்தைப் பல தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன், அவனுடைய வண்டி அவனுடைய பம்பரோடு அழகாகத்தான் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அங்கே டயரைத் தொங்கவிட்டால் அதிகம். இங்கே டயரை எடுத்தால் குறை. இரண்டும் அந்தந்த அளவுக்குத் தைத்த சட்டை.

இதை நான் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை, 2021 மார்ச்சில் அது கண்ணெதிரே நடந்தது. எக்கோஸ்போர்ட் எஸ்இ என்று ஒரு ரகம் வந்தது, டயர் இல்லாத முதுகு, நம்பர் பிளேட் கதவில், பெட்ரோல் 10.49 லட்சம், டீசல் 10.99 லட்சம். வெளிநாட்டு முதுகு நமக்கும் வந்துவிட்டது என்று பலர் கொண்டாடினார்கள். நான் ஷோரூமுக்கே போய்ப் பார்த்தேன். நேர் பின்னாலிருந்து பார்த்தால் சுத்தமாக, அகலமாக, உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டடி பக்கத்தில் நகர்ந்ததும் எனக்கு மனசு ஒட்டவில்லை. நீளம் அதே 4 மீட்டருக்குள் நின்றது, டயர் மட்டும் போய்விட்டது, அமெரிக்க வண்டியின் அந்த 10 சென்டிமீட்டர் வரவே இல்லை. எஸ்இ பிடித்தவர்கள் பெரும்பாலும் நேர் பின்னாலிருந்து எடுத்த படத்தைத்தான் காட்டுவார்கள், கவனித்துப் பாருங்கள்.

அழகுக்கு அப்பால் பயன் என்று வந்தால் என் அனுபவம் இரண்டு பக்கமும் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2019ல் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்சி போகும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டி இரவு பதினொரு மணி, சாலையில் கிடந்த இரும்புத் துண்டு இடப்பக்கப் பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. டிக்கி முழுக்கச் சீர் சாமான், பாத்திரம், பழக்கூடை, மேலே புடவைப் பெட்டி. ஸ்டெப்னி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிற வண்டியாக இருந்தால் அந்த இருட்டில் அத்தனையையும் சாலையோரம் இறக்கி வைத்திருக்க வேண்டும். ஜாக்கி எடுக்க இரண்டு பையை நகர்த்தியதோடு சரி, டயரை வெளியிலிருந்தே கழற்றி மாட்டினேன். அம்மா காரை விட்டு இறங்கி கல்லில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சம் பிடித்தார், இருபத்தைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். எஸ்இயில் ஸ்டெப்னிக்குப் பதிலாக வருகிற மாதிரி பஞ்சர் கிட் மட்டும் இருந்திருந்தால்? அந்தக் கிட்டில் வருவது ஒரு பசையும் காற்றடிக்கும் சின்ன பம்பும்தான். டயரின் மிதிபாகத்தில் ஆணி குத்தினால் அது அடைக்கும். பக்கவாட்டு கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மறுபக்கம். 2022ல் ஒரு கடைவீதியில் சரக்கு வேன் ஒன்று ரிவர்ஸில் வந்து என் வண்டியின் ஸ்டெப்னியில் மோதியது. நடந்து போகிற வேகம்தான். பம்பருக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஏனென்றால் வேன் பம்பரைத் தொடவே இல்லை, முதலில் நீட்டிக்கொண்டிருந்தது டயர். அந்த இடி அப்படியே கதவுக்குப் போய், டயர் மாட்டியிருந்த இடத்தில் தகடு உள்ளே அமுங்கி, கதவு ஒரு ஓரம் சரியாக மூடாமல் போய்விட்டது. வேன்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு "டயர்லதான சார் பட்டுச்சு" என்று கிளம்பிவிட்டார், எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. டிங்கரிங் பார்த்தவர் கதவைக் கழற்றி நிமிர்த்தி மறுபடி மாட்டி, பெயின்ட் அடித்துக் கொடுக்க எட்டு நாள் ஆனது. பம்பர் என்பது இடி வாங்குவதற்கென்றே இருக்கிற பாகம், அதற்கும் வெளியே ஒரு கனமான சக்கரத்தை நீட்டி வைத்தால் முதல் இடி கதவுக்குத்தான். டயர் வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் எனக்குப் பதில் சொல்லத் தெரியாத ஒரே வாதம் இதுதான்.

கணக்கில் வராத அந்த டயர் இன்னொரு இடத்தில் கணக்கில் வந்துவிடும். 4 மீட்டருக்குள் என்று நம்பி அடுக்குமாடியில் பார்க்கிங் அளந்து வைத்தால், வண்டி உண்மையில் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பிரேசிலில் வேறு வழியில் போனார்கள். 2019ல் டைட்டானியம் ரகத்தில் தொங்கும் டயரை எடுத்துவிட்டு ரன்-ஃபிளாட் டயர் கொடுத்தார்கள், காற்று போனாலும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பக்கத்து ஊர் போய்ச் சேரலாம். முதுகும் சுத்தம், நடுவழியில் நிற்கவும் வேண்டாம். எஸ்இ அப்படி வந்திருந்தால் என் மனைவியிடம் நான் தோற்றிருப்பேன். ஆனால் அந்த மாதிரி டயர் விலை அதிகம், கிழிந்தால் நம்ம ஊர் சின்ன டவுன் கடையில் அதே டயர் கிடைப்பதும் கடினம்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது, 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அதனால் இனி நீங்கள் வாங்கினால் பழையதுதான். இரண்டு முதுகும் சந்தையில் கிடைக்கிறது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், நெருக்கமான தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றால் எஸ்இ எடுங்கள், அழகு விஷயத்தில் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். நெடுஞ்சாலை அதிகம், இரவுப் பயணம் அதிகம், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் டயர் தொங்குவதையே எடுங்கள். எடுக்கும் முன் கதவை முழுக்கத் திறந்து, விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, மூடும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருந்தாலோ கீல் தளர்ந்திருக்கலாம், அல்லது யாரோ என் வண்டியில் இடித்த மாதிரி இடித்திருக்கலாம். கதவு விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை ஒரு இடத்தில் விலக்கி, உள்ளே பெயின்ட் நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் மச்சான் எஸ்இதான் வைத்திருக்கிறார், முதுகு அழகுக்காகவே தேடி எடுத்தார், எனக்கும் அவருக்கும் இதில் பல வருட வாக்குவாதம். கோயம்புத்தூரிலிருந்து பொங்கலுக்கு இங்கே வரும்போதெல்லாம் தனியாக ஒரு ரிம்மும் டயரும் வாங்கி வைத்திருப்பதை டிக்கியில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார், பெட்டிகள் பின்சீட்டில் பிள்ளைகளோடு வருகின்றன.