சுருளை முழுதும் நேராக்குவதா, பாதியில் நிறுத்துவதா?

கேள்வி: தென் லண்டனில் வசிக்கிறோம். என் கணவர் நைஜீரியர். 17 வயதாகும் எங்கள் மகளுக்கு அவரைப் போலவே நெருக்கமான சுருள் முடி. வாரம் ஒருமுறை சிக்கெடுக்கவே அரை நாள் போய்விடுகிறது. சுருளை நேராக்கும் ரிலாக்சர் களிம்பைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாள். சலூனில் கேட்டால், வலு மிகுந்த ‘சூப்பர்’ ரகத்தைப் போட்டு முழுதும் நேராக்கினால்தான் நிற்கும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நேராக்குவது சரி?

பதில்: சுருளைப் பாதியளவு தளர்த்தினால் போதும்; முழுதும் நேராக்க வேண்டாம். உங்களுக்குத் தொல்லை தருவது சிக்கு. சுருள் சற்று நெகிழ்ந்தாலே சீப்பு இறங்கிவிடும்.

முடியைச் சுருள் வடிவில் பிடித்து வைத்திருப்பவை அதன் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும் கடுங்காரமான ரிலாக்சர், அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. அறுந்தவை பழையபடி சேர்வதில்லை. குறைவாகத் தளர்ந்த முடியைப் பின்னர் ஒருமுறை கவனமாகத் திருத்தலாம், ஆனால் அளவுக்கு மீறி நேரானதை வளர்த்து வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

சுருள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலுவான மருந்து வேண்டும் என்பது சலூன்களில் வேரூன்றிய தவறான எண்ணம். மருந்தின் வலுவை ஒவ்வொரு இழையின் தடிமனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நெருக்கமாகச் சுருண்ட முடி, கூட்டமாக அடர்ந்து தெரிந்தாலும், தனி இழை பெரும்பாலும் மெல்லியது. ஒவ்வொரு வளைவிலும் எளிதில் முறியக்கூடியது. வலு குறைந்த ‘மைல்ட்’ ரகத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எத்தனை நிமிடம் என்பதை மகளின் முடியே சொல்லட்டும். பின்னந்தலையில் வெளியே தெரியாத இடத்திலிருந்து சில சிறு கற்றைகளை வெட்டியெடுத்து, மருந்தைத் தடவி, ஒன்றை 5 நிமிடத்திலும் அடுத்ததை 8-லும் மற்றொன்றை 11-லும் கழுவி, மிச்சக் காரத்தை முறிக்கும் நியூட்ரலைசிங் ஷாம்பு போட்டு, தானாக உலர விடச் சொல்லுங்கள். பிறகு இழை ஒன்றை மீண்டும் நனைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நீண்டு, விட்டதும் சுருங்கினால் நலமாக இருக்கிறது. ஜவ்வு மிட்டாய் போல இழுபட்டுக்கொண்டே போனால் அந்த நேரம் அதிகம். சுருள் கலையாமல் விரிந்து தெரிகிற, வலுவும் குறையாத நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே பின்பற்றுங்கள். காதோரமும் பிடரியும் மெல்லிய முடி. அங்கே கடைசியில்தான் தடவ வேண்டும்.

ஆறு வாரம் என்ற கணக்கை ஏற்காதீர்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறு வாரத்தில் முளைத்த அந்தச் சிறு பகுதியில் மட்டும் களிம்பைத் தடவி, ஏற்கெனவே நேரான பகுதியில் படாமல் நிறுத்த எந்தக் கைக்கும் இயலாது. பட்ட இடம் முறியும். 10 முதல் 12 வாரம் பொறுங்கள். ஆறு வாரம் என்பது சலூனின் வருமானத்துக்கு உகந்த இடைவெளி.

‘லை’ என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. ‘லை இல்லாதது’, ‘ஆர்கானிக்’, சிரிக்கும் குழந்தையின் படம் போட்ட பெட்டி, இவற்றில் எதையும் மென்மைக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். லை இல்லாத வகையிலும் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்து கடுங்காரமே உருவாகிறது. போதாக்குறைக்கு முடியில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து வறண்டுபோகும். பிரிட்டனில் சோடியம் ஹைட்ராக்சைடு, கடையில் எவரும் வாங்கும் பொருளில் 2 சதவீதத்தையும், தொழில்முறைப் பொருளில் 4.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பார்வை பறிபோகலாம் என்ற எச்சரிக்கை பெட்டியிலேயே இருக்க வேண்டும். தொழில்முறை டப்பாவிலிருந்து எடுத்து, பெயரில்லாத கிண்ணத்தில் கொண்டுவந்து, வீட்டிலேயே மலிவாகப் போட்டுவிடுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இத்தனையையும் ஒரு தாய் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலை வந்ததே எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. பிரிட்டனில் சிகையலங்காரருக்கான பதிவுச் சட்டம் 1964-இல் வந்தது. இன்றுவரை பதிவு விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்கச் சுருள் முடியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பயிற்சித் தரத்தில் சேர்க்கவே 2021 வரை ஆயிற்று. கண்ணைக் குருடாக்கக்கூடிய காரத்தை எவர் கையிலும் கொடுத்துவிட்டு, எச்சரிக்கை வாசகத்தோடு கடமை முடிந்தது என்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தில் அதுபற்றிப் பேச்சே இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மகளுக்கு முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்ததுண்டா? சித்தியோ அத்தையோ அன்போடு பார்லருக்கு அழைத்துப் போயிருக்கலாம். ரீபாண்டிங்கில் பயன்படுவது தயோகிளைகோலேட் என்ற வேறு வகை மருந்து. நான் இதுவரை சொன்ன ஹைட்ராக்சைடு ரிலாக்சருடன் அது ஒருபோதும் ஒத்துப்போகாது. அது பட்ட முடியின் மீது இது பட்டால் கொத்துக் கொத்தாக முறிந்து கையோடு வரும். ஈராண்டுக்கு முன் செய்திருந்தாலும், அந்தப் பகுதி இன்னும் நுனியில் இருந்தால் ஆபத்து அப்படியே இருக்கிறது. செய்ததுண்டு என்றால், அந்த முடி முழுதும் வெட்டி அகலும்வரை ரிலாக்சர் வேண்டாம். சலூனில் இதை அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.

உடல்நலம் பற்றியும் மகள் அறிந்திருக்க வேண்டும். 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்தது. முடி நேராக்கும் பொருளை அடிக்கடி, அதாவது ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பை 4.05 சதவீதமாகவும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதமாகவும் மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் 17 வயதில் தொடங்குபவருக்கு முன்னே நெடுங்காலம் இருக்கிறது. இடைவெளியை நீட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போடும் நாளில் உடன் இருங்கள். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று வேண்டாம். எரிகிறது என்று மகள் சொன்ன கணமே கழுவச் சொல்லுங்கள். “இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்” என்பதை ஏற்க வேண்டாம். பல நியூட்ரலைசிங் ஷாம்புகளில் காரம் மிச்சமிருந்தால் நுரை இளஞ்சிவப்பாகும். அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்கி, நுரை வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவச் செய்யுங்கள்.